அந்த வெள்ளைக் கோடு எங்கே அறுகிறது: பினாங்கில் ஓர் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் சேவை

என் அக்காவின் கணையத் தலைப்பகுதியில் கட்டி இருப்பது தெரிந்த பிறகு, அறுவை மருத்துவருக்கு முதன்மையாகத் தெரியவேண்டியிருந்தவை இரண்டு: அந்தக் கட்டி பக்கத்தில் ஓடும் சிரையைத் தொட்டிருந்தால் எவ்வளவு தூரம் தொட்டிருக்கிறது, அதற்கு அப்பால் உள்ள தமனி தப்பியிருக்கிறதா. சி.டி. ஸ்கேன் அறிக்கை இந்த இடத்தில் 'ஒட்டியிருக்க வாய்ப்புண்டு, உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று கையை விரித்துவிட்டது. அதன்மேல் அவர் எழுதிக் கொடுத்த சோதனைதான், வாய் வழியாகக் குழாய் இறக்கி உள்ளிருந்தே ஒலியலையால் படம் எடுக்கும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட். மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் அதைச் செய்துகொண்டோம். மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. குறை சொல்லவேண்டிய இடங்கள் உள்ளன. அவை அந்த ஒரு மருத்துவமனைக்கு மட்டும் உரியவை என்றும் எனக்குத் தோன்றவில்லை. இதே சோதனைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு நிற்கும் குடும்பங்கள், எதற்குப் பணம் கட்டுகிறோம், எதைக் கேட்டு வாங்கவேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒலியலைப் பாடத்தை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேனோ, அதே பாடம் அக்காவின் வயிற்றுக்குள் இறங்கி வேலை செய்வதைப் பார்க்க நேரும் என்று எண்ணியதில்லை. கீழே உள்ள மருத்துவ விளக்கங்கள் அறுவை மருத்துவரும், சோதனையைச் செய்த இரைப்பைக் குடல் நிபுணரும் பொறுமையாக எங்களுக்குச் சொன்னவை. அவற்றின்மேல் வைத்திருக்கும் மதிப்பீடு என்னுடையது.

அக்கா புக்கிட் மெர்தாஜத்தில் இருக்கிறார், வயது அறுபத்தாறு. கண் மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்து, உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தபோது, காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்தார்; பத்து நாள் அதில் போயிற்று. பிறகு வீட்டுக்கருகில் உள்ள கிளினிக்கில் வயிற்றின்மேல் வைத்து எடுக்கும் சாதாரண அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். பித்தநாளம் விரிந்திருப்பது தெரிந்தது. கணையத்தின் தலையோ குடலில் நிறைந்திருந்த காற்றுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அங்கிருந்து அனுப்பப்பட்ட வேறொரு மருத்துவமனையில், காமாலையை முதலில் இறக்கவேண்டும் என்று சொல்லி, பித்தநாளத்தில் உலோக ஸ்டெண்ட் ஒன்றை, அதாவது அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாயை, வைத்துவிட்டு, அதற்குப் பிறகு சி.டி. எடுத்தார்கள். வரிசை தலைகீழாகிவிட்டது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ஸ்டெண்டின் உலோகம் படத்தில் கீற்றுக் கீற்றாக ஒளிச்சிதறலை உண்டாக்குகிறது. அதை வைக்கும்போது ஏற்படும் புண்ணும் வீக்கமும் கட்டியின் ஓரத்தைக் கலக்கிவிடுகின்றன. பித்தநாளத்தில் கிருமித் தொற்று கண்டு காய்ச்சல் அடித்தால் ஸ்டெண்டைத் தள்ளிப்போட முடியாது என்பது உண்மைதான். அக்காவுக்குக் காய்ச்சல் இல்லை. ஸ்டெண்டுக்கு ஒரு நாள் முன்னதாக சி.டி. எடுத்திருந்தால், ஒருவேளை இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. அறுவை மருத்துவர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. படத்தைத் திரையில் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு. அதன் தலைப்பகுதியைச் சிறுகுடலின் முதல் வளைவு அணைத்துக்கொண்டிருக்கிறது. தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள கழுத்துக்குப் பின்னால்தான், குடலிலிருந்து வரும் மேல் மெசென்டெரிக் சிரையும் மண்ணீரலிலிருந்து வரும் சிரையும் கூடி, கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையாக மாறுகின்றன. சிரைக்கு இடப்புறத்தில், கொழுப்புறையொன்றின் நடுவே, குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் மேல் மெசென்டெரிக் தமனி இறங்குகிறது. ஆறுகள் கூடும் முனையில் வீடு கட்டினாற்போன்ற இடம் அது. சிறிய கட்டிகூட எளிதில் கரையைத் தொட்டுவிடும். கணையத் தலையை எடுக்கும் அறுவைச் சிகிச்சையை 1935ஆம் ஆண்டில் ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்டதால் இன்றுவரை அது அவர் பெயராலேயே வழங்குகிறது. சிரையின் ஒரு துண்டைக் கட்டியோடு சேர்த்து வெட்டி, முனைகளைத் தைத்து இணைப்பது தேர்ந்த கைகளுக்கு இன்று இயலக்கூடிய வேலை. தமனியில் அதையே செய்வது வேறு கணக்கு; ஆபத்தும் கூடுதல், பலனும் ஐயத்துக்குரியது. ஆகவே குழாயின் சுற்றளவை ஒரு வட்டமாக வைத்து, கட்டி அதை 180 பாகைக்குள் தொட்டிருக்கிறதா, அதற்கு மேல் சுற்றியிருக்கிறதா என்று அளந்து, உடனே அறுவையா, கீமோ கொடுத்துப் பார்த்துவிட்டு அறுவையா, அறுவையே இல்லையா என்று முடிவு செய்கிறார்கள். பல நாடுகளில் பின்பற்றப்படும் அமெரிக்கப் புற்றுநோய் வழிகாட்டிகளும் இந்த 180 பாகைக் கோட்டையே எல்லையாக வைத்திருக்கின்றன.

இனி, கருவிக்கு வருகிறேன். வயிற்றின்மேல் வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் கணையத்தை அடையவேண்டுமானால் தோல், கொழுப்பு, காற்று நிறைந்த குடல், இரைப்பை எல்லாவற்றையும் கடக்கவேண்டும். தொலைவு போகவேண்டிய ஒலிக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணே தாங்கும். தாழ்ந்த அதிர்வெண்ணில் நுட்பம் போய்விடும். மென்திசுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், 3.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.44 மில்லிமீட்டர், 7.5 மெகாஹெர்ட்ஸில் 0.2 மில்லிமீட்டர். காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து, காப்புறுதிப் படிவத்தின் பின்புறத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பழக்க தோஷம். வாய் வழியாக இறக்கும் எண்டோஸ்கோப்பின் முனையிலேயே ஒலிக் கருவியைப் பொருத்திவிட்டால், அது இரைப்பையின் சுவருக்கும் சிறுகுடலின் சுவருக்கும் உள்ளே நின்றுகொண்டு, கணையத்தை மிக அருகில் இருந்து பார்க்கிறது. தொலைவு குறைந்துவிட்டதால் உயர்ந்த அதிர்வெண் தாங்குகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விவரங்கள் பிரிந்து தெரிகின்றன. இந்தக் கருவி 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவானது. தொடக்கத்தில் வந்தவை எண்டோஸ்கோப்புக் குழாயைச் சுற்றி 360 பாகைக்கும் வெட்டுமுகம் காட்டும் வகை. 1990களில் பரவிய நேர்கோட்டு வகை, குழாயின் நீளவாக்கிலேயே படம் காட்டுவதால், உள்ளிருந்து ஊசி ஒன்றைச் செலுத்தினால் அதன் முனை கட்டிக்குள் போவதுவரை திரையில் தெரியும். அக்காவுக்குப் பயன்படுத்தியது இந்த இரண்டாம் வகை.

இரத்தக் குழாய்க்குள் இரத்தம் ஓடுகிறதா என்பதை இதே கருவியின் டாப்ளர் முறை காட்டுகிறது. அலையை அனுப்பும் பொருள் நெருங்கினாலோ விலகினாலோ அதன் அதிர்வெண் மாறித் தெரியும் என்பதுதான் டாப்ளர் விளைவு. கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் இதை எழுதியது இரட்டை விண்மீன்களின் நிறத்தை விளக்குவதற்காக. மூன்று ஆண்டு கழித்து நெதர்லாந்தில் ரயில் வண்டியில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, அதை ஒலியில் சோதித்துப் பார்த்தார்கள். வகுப்பில் இந்த எக்காளக் கதையைச் சொன்னால் பின்வரிசையும் விழித்துக்கொள்ளும். இன்று அதே கொள்கை, நகரும் இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தைக் கண்டு, திரையில் வண்ணம் தீட்டுகிறது.

சோதனை நாளன்று காலை ஒன்பது மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக்கூடாது, காலையில் நீரிழிவு மாத்திரை போடக்கூடாது என்று தொலைபேசியில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் எடுக்கிறாரா என்றும் கேட்டார்கள். அதைக் கேட்காமல் ஊசி போடுபவர்களை நம்பவேண்டாம் என்று என் மருத்துவ நண்பர் ஒருவர் எச்சரித்திருந்தார், எனவே இந்தக் கேள்வி எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏழு மணிக்கே பெருநிலத்திலிருந்து தீவுக்குப் பாலம் கடந்துவிட்டோம். கூடத்தில் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்த குடும்பங்கள் பல. அவர்களுக்கெனத் தனி முகப்பு, தனி உதவியாளர்கள். அவர்களில் ஒரு பெரியவர் இந்தோனேசிய மொழியில் பேசிக்கொண்டே, மனைவியை மட்டும் 'இங்கே வா' என்று தமிழில் அழைத்தார். அக்கா உடனே அவர்களோடு பேச்சுக் கொடுத்துவிட்டார்.

ஒன்பது மணி பத்தாயிற்று, பத்து பதினொன்றாயிற்று. செலவை ஏற்பதாகக் காப்புறுதி நிறுவனம் தரும் உறுதிக் கடிதம் வரவில்லை என்று முகப்பில் சொன்னார்கள். விசாரித்தபோது, மருத்துவர் நிரப்பவேண்டிய படிவம் அன்று காலைதான் அனுப்பப்பட்டிருக்கிறது. நேரம் குறித்தது ஆறு நாளுக்கு முன்பு. பதினோரு மணிக்குமேல் அக்காவின் கை நடுங்கத் தொடங்கியது, நெற்றியில் வியர்வை. நீரிழிவு உள்ளவர் பதின்மூன்று மணிநேரமாகப் பட்டினி என்பது அவர் கையில் கட்டியிருந்த பட்டையிலேயே குறிக்கப்பட்டிருந்தும், நாங்கள் எழுந்து போய்க் கேட்கும்வரை யாரும் சர்க்கரை பார்க்கவில்லை. கேட்டவுடன் பார்த்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், கட்டில் கொடுத்தார்கள். கடிதம் பன்னிரண்டு மணிக்குப் பிறகு வந்தது. இப்படிப்பட்ட நோயாளிகளை முதல் ஆளாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கம் என்று பிறகு தாதி ஒருவரே சொன்னார். வழக்கம் இருந்ததே தவிர, அதை நினைவில் வைத்திருக்க ஆள் இல்லை. இந்தச் சேவையில் நான் மன்னிக்க விரும்பாத ஒரே பகுதி இது.

உள்ளே போனபின் எல்லாம் வேறு மாதிரி. ஒப்புதல் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. ஆனால் தமிழ்த் தாதி ஒருவர் வரிவரியாக விளக்கினார். கணையம் வீங்கலாம், இரத்தம் கசியலாம், குடலில் துளை விழலாம், இவை அரிது, ஆனால் நடக்கக்கூடியவை என்று பூசி மெழுகாமல் சொன்னார். "ஆன்ட்டி, இடப்பக்கமாத் திரும்பிப் படுங்க, வாயில ஒரு வளையம் வைப்பேன், பல்லால கடிச்சுக்குங்க, அப்புறம் தூங்கிடுவீங்க" என்ற அவருடைய குரலைத்தான் அக்காவுக்கு இன்றும் நினைவிருக்கிறது. மயக்க மருந்துக்குத் தனி நிபுணர் இருந்தார். நாற்பது நிமிடத்தில் வெளியே கொண்டுவந்தார்கள். இரண்டு மணிநேரம் கழித்துக் குடிக்கலாம் என்றதும் அக்கா கேட்டது சர்க்கரை போடாத தே ஓ, அதாவது பால் கலக்காத தேநீர். தொண்டை ஒரு நாள் கரகரத்தது. வேறு தொல்லை இல்லை.

அன்று மாலை அந்த நிபுணர் என்னையும் அக்காவின் மகனையும் அழைத்துப் பதிவு செய்த படத்துண்டுகளை ஓட்டிக் காட்டினார். இருபது நிமிடம் ஒதுக்கினார். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பெரும்பங்கு அந்த இருபது நிமிடத்துக்கே உரியது. சாம்பல் நிறத் திரையில் கட்டி சற்றுக் கருத்த, ஓரம் சீரற்ற நிழலாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் நல்ல கருப்பில் நீண்டதொரு பட்டை; அதுதான் சிரை. இரண்டுக்கும் நடுவில் மயிரிழைபோல ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. குழாயின் சுவரும் அதைச் சுற்றிய கொழுப்பும் ஒலியை நன்கு எதிரொலிப்பதால் உண்டாகும் கோடு அது. அந்தக் கோடு முழுமையாக இருக்கும்வரை கட்டி குழாயைத் தொடவில்லை என்று கொள்ளலாம். நிபுணர் படத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்கே பாருங்கள்" என்றார். கோடு அங்கே மங்கி, ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் நீளத்துக்கு இல்லாமல் போய், மறுபடியும் தொடர்ந்தது. அந்த ஆறு மில்லிமீட்டரிலும் சிரையின் ஓரம் உள்நோக்கிக் குழிந்திருக்கவில்லை, குழாய்க்குள் கட்டியின் சதை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை, பக்கவழிச் சிரைகள் புடைத்திருக்கவில்லை. இந்த மூன்றும் இருந்திருந்தால் நிலைமை வேறு என்றார்.

பிறகு வண்ணத்தைப் போட்டார். கருப்புப் பட்டை நீலமாயிற்று, சற்றுத் தள்ளி இருந்த வட்டம் சிவப்பாயிற்று. "மாமா, சிவப்பா இருக்கே, அதுதானே தமனி?" என்று மருமகன் என் காதில் கேட்டான். அவனுக்கு மட்டும் அல்ல, பலருக்கும் வரும் மயக்கம் அது. கருவியை நோக்கி வரும் ஓட்டத்துக்குச் சிவப்பு, விலகிப் போகும் ஓட்டத்துக்கு நீலம் என்பது வெறும் ஏற்பாடு. முனையைத் திருப்பிப் பிடித்தால் அதே சிரை சிவப்பாகிவிடும். ஓட்டத்துக்குச் செங்குத்தாக ஒலி விழுந்தால் வண்ணமே வராது, ஏனென்றால் 90 பாகையின் கோசைன் பூச்சியம். அடைபடாத குழாயும் அடைபட்டதுபோல் கருப்பாகவே நிற்கும். தமனி எது, சிரை எது என்று சொல்வது வண்ணம் அல்ல, அலையின் வடிவம். நிபுணர் ஒரு நிலைப்படத்தைக் காட்டினார்: ஒரு குழாயில் இதயத் துடிப்போடு கூரிய முகடுகள், இன்னொன்றில் ஏற்றத்தாழ்வு குறைந்த, விடாத ஓட்டம். முகடுகள் உள்ளது தமனி. அதைச் சுற்றிலும் கொழுப்புறை வெண்மையாகத் தெரிந்தது; தெரிந்தவரையில் கட்டி அதை நெருங்கவில்லை.

'தெரிந்தவரையில்' என்ற சொல்லை அவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார். நேர்மையான மருத்துவர் என்று நான் முடிவு செய்தது அந்த இடத்தில்தான். போர்ட்டல் சிரையும் மண்ணீரல் சிரையும் இந்தக் கருவிக்கு மிக எளிதில் அகப்படுகின்றன. மேல் மெசென்டெரிக் தமனி அப்படியன்று. கட்டி பெரிதாக இருந்தால், அதற்கு அப்பால் உள்ள தமனியின் நீளம் முழுவதையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. கல்லீரல் முழுவதையும், நுரையீரலையும் இது காட்டாது. ஸ்டெண்ட் வைத்த பின் வந்த வீக்கத்தையும் கட்டியின் பரவலையும் பிரிப்பது இதற்கும் கடினமே. ஆகவே இது சி.டி.க்கு மாற்று அன்று. கணையத்துக்கென்றே நேரம் குறித்து, மருந்து ஏற்றி, தமனிகள் நிரம்பும்போது ஒரு முறையும் சிரைகள் நிரம்பும்போது ஒரு முறையும் எடுக்கும் சி.டி.தான் இன்றும் அடிப்படை. அந்த சி.டி. ஐயத்தோடு நின்ற இடத்தில் மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவர இந்தக் கருவி. தனியார் மருத்துவமனையின் விளம்பரப் பலகையில் இதை 'அதிநவீனப் புற்றுநோய்க் கண்டுபிடிப்பு' என்று பொதுப்படையாக எழுதியிருப்பதைப் பார்த்தேன். வயிற்று வலிக்கெல்லாம் இதற்கு ஓடவேண்டியதில்லை.

நுண்குமிழி மருந்து ஏற்றிப் பார்க்கும் முறையும் உண்டென்று அறிந்து அதைப் பற்றிக் கேட்டேன். கந்தக ஹெக்சாஃபுளோரைடு வாயு அடைத்த, சிவப்பணுவின் அளவை ஒத்த குமிழிகள் அவை. இரத்தக் குழாய்க்குள்ளேயே சுற்றிவந்து, பின் மூச்சுக்காற்றோடு வெளியேறிவிடுகின்றன, சிறுநீரகத்துக்குச் சுமையில்லை. கணையத்தில் வழக்கமாக வரும் புற்று, இந்த மருந்தை ஏற்றியபின் சுற்றியுள்ள திசுவைவிட மங்கலாகவே நிற்கும். நாளமில்லாச் சுரப்பி வகையைச் சேர்ந்த கட்டிகள் பளிச்சென்று ஒளிரும். அக்காவுக்குச் சாதாரண டாப்ளரிலேயே ஓட்டம் தெளிவாகத் தெரிந்ததால் தேவைப்படவில்லை என்றார். தேவையில்லாததைச் சேர்த்துப் பில்லைக் கூட்டாததைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

அதே அமர்வில் ஊசியும் போட்டார்கள். 22 கேஜ் ஊசி, முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமன். சிறுகுடலின் சுவர் வழியாகக் கட்டிக்குள் செலுத்தித் திசுத் துணுக்குகளை எடுத்தார்கள். வழியில் குழாய் ஏதும் குறுக்கிடவில்லை என்று உறுதி செய்யவும் டாப்ளரே உதவியது. அறுவைக்கு நேராகப் போகிறவர்களுக்கு இந்த ஊசி எப்போதும் கட்டாயம் அன்று. கீமோவை முதலில் கொடுக்கவேண்டுமானால் திசு முடிவு இல்லாமல் தொடங்கமாட்டார்கள். எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்பது சோதனைக்கு முன் தெரியாததால் இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடித்தது சரியான முடிவு. ஒரு வாரத்தில் முடிவு வந்தது. எதிர்பார்த்ததுதான்.

செலவு நான்கு இலக்கத்துக்குள் அடங்கியது. காப்புறுதி பெரும்பகுதியை ஏற்றது. பில்லில் மருத்துவரின் கட்டணம் ஒரு வரி. ஊசி, அறை, மயக்க மருந்து, மீட்பறை, நோயியல் ஆய்வு என்று மற்றவை வரிசையாக. ஒருமுறை பயன்படுத்தி எறியும் அந்த ஊசியின் விலை என்னைத் திடுக்கிட வைத்தது. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அமைந்த கட்டண அட்டவணை மருத்துவரின் கட்டணத்துக்குத்தான் உச்ச வரம்பு வைக்கிறது. மருத்துவமனை போடும் மற்ற வரிகளை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே முன்கூட்டி மதிப்பீடு கேட்பவர்கள் மருத்துவரின் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக்கூடாது. ஊசி சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு தொகை கேளுங்கள்; கேட்டால் கொடுக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னபின், அறிக்கை. நாலு பக்கம், பளபளக்கும் தாள், மருத்துவமனையின் சின்னம், நான்கு நிலைப்படங்கள். இரைப்பை இயல்பு, உணவுக்குழாய் இயல்பு, கட்டி 28 மில்லிமீட்டர், திசு எடுக்கப்பட்டது. இரத்தக் குழாய்களைப் பற்றி மொத்தமும் ஒரே வரி: 'இரத்தக் குழாய் ஈடுபாடு இருக்கலாம்.' எந்தக் குழாய்? எத்தனை பாகை? எவ்வளவு நீளம்? தமனி? திரையின் முன்னால் இருபது நிமிடம் விரல் வைத்து எங்களுக்குக் காட்டிய எதுவும் தாளில் இல்லை. எதற்காக அக்கா பதினான்கு மணிநேரம் பட்டினி கிடந்தாரோ, அந்தக் கேள்விக்கான விடை சி.டி. அறிக்கை நின்ற அதே வாசலில் வந்து நின்றது. ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருக்கும் அச்சுப்படிவத்தில் அளவை மட்டும் மாற்றி வெளியிடுகிறார்கள் என்பது, தாளின் அடியில் வேறு உறுப்பு ஒன்றைப் பற்றிய தொடர்பில்லாத வாக்கியம் நீக்கப்படாமல் இருந்ததிலிருந்து தெரிந்தது.

திருத்தச் சொல்லிக் கேட்டோம். மருத்துவப் பதிவகத்தில் படிவம் நிரப்பவேண்டும் என்றார்கள், நிரப்பினோம். இரண்டு தொலைபேசி அழைப்பு, நான்கு நாள். நிபுணரின் உதவியாளர் வழியாக நேரடியாகச் செய்தி போனபின் அன்று மாலையே இணைப்பு அறிக்கை வந்தது. அவருக்கு எங்கள் கோரிக்கை அதுவரை எட்டவே இல்லையாம். இணைப்பில் ஐந்தே வரிகள். மேல் மெசென்டெரிக் சிரையில் 90 பாகைக்குச் சற்றுக் கூடுதலான தொடுகை, நீளம் 6 மில்லிமீட்டர், சுவரின் வடிவம் மாறவில்லை, உள்ளே கட்டியோ உறைவோ இல்லை. போர்ட்டல் சிரையும் மண்ணீரல் சிரையும் தொடப்படவில்லை. மேல் மெசென்டெரிக் தமனி பார்க்க முடிந்த பகுதியில் தொடப்படவில்லை, அடிப்பகுதியில் ஒரு சிறு நீளம் பார்வைக்கு அகப்படவில்லை. கல்லீரல் தமனி விலகியிருக்கிறது. ஸ்டெண்டைச் சுற்றிய வீக்கம் சிரைத் தொடுகையை மிகைப்படுத்திக் காட்டியிருக்கலாம். இதைப் படித்த அறுவை மருத்துவர், "இதுதான் எனக்கு வேண்டியிருந்தது" என்றார். படத்துண்டுகளைக் குறுவட்டில் கேட்டபோது, சி.டி. படங்களைத்தான் கொடுக்க முடியும், எண்டோஸ்கோப்பி ஒளிப்பதிவு வெளியே கொடுக்கும் வழக்கம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு விடை இல்லை. அசையும் படத்தில்தான் தொடுகை தெரிகிறது. நான்கு நிலைப்படங்களில் ஒன்றில்கூட அந்த அறுந்த கோடு இல்லை.

கருவி நன்று. அதைப் பிடித்த கை அதைவிட நன்று. இந்தச் சோதனையில் கைதான் பாதிக்கு மேல் என்பதால், மருத்துவமனையின் பெயரைப் பார்த்து அல்ல, கணையத்துக்கென இதை அடிக்கடி செய்பவர் யார் என்று உங்கள் அறுவை மருத்துவரையே கேட்டுப் போவது மேல். தாதிகளுக்குக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. முகப்பும் பதிவகமும் நோயாளி ஒருவர் அந்தக் கடிதங்களுக்குப் பின்னால் இருக்கிறார் என்பதை மறந்து இயங்குகின்றன. கையில் பணமில்லாதவர்கள் அரசு மருத்துவமனை வழியாகப் போகலாம். கல்லீரல், பித்தநாளம், கணையம் சார்ந்த அறுவைக்கு சிலாங்கூரில் உள்ள செலாயாங் மருத்துவமனை நாட்டின் பரிந்துரை மையமாக இருந்துவருகிறது. காத்திருப்பு கூடுதலாகும், ஆனால் படம் பார்ப்பவரும் அறுப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் ஒரு வசதி உண்டு. எங்களைப்போல் தாளைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டியதில்லை.

பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசி, அக்காவுக்கு முதலில் கீமோ என்று முடிவு செய்தார்கள். சிரைத் தொடுகை மட்டும் என்றால் சிலர் நேராக அறுத்திருப்பார்கள். தமனியின் அடிப்பகுதி தெரியவில்லை என்று எழுதியிருந்த அந்த ஒரு வரி தராசைச் சாய்த்தது. கீமோவுக்குப் பின் கட்டி இருந்த இடம் தழும்பாகிவிடுவதால், உயிருள்ள புற்றையும் தழும்பையும் சி.டி.யாலும் அல்ட்ராசவுண்டாலும் பிரித்துச் சொல்வது எளிதன்று என்று இப்போதே எச்சரித்திருக்கிறார்கள். மூன்று சுற்று முடிந்திருக்கிறது. அடுத்த சி.டி.யைப் பார்த்துவிட்டு அறுவை மருத்துவர் மறுபடியும் உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னால், அதே நிபுணரிடமே போவோம். காப்புறுதிப் படிவம் போய்விட்டதா என்று முதல் நாளே கேட்போம், ஐந்து குழாய்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இடம் விட்டு, அவர் கையிலேயே கொடுப்போம். அக்காவின் நிபந்தனை ஒன்றே ஒன்று: காலை எட்டு மணிக்கு முதல் ஆளாக எடுக்கவேண்டும்.